சம்மந்தி செடி

மாசி மாதம் அந்தச் செடி விட்ட முதல் இலை ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி பல்லு பல்லாக இருந்தது. தொட்டால் சொரசொரவென்று கையைக் கீறும். இப்போது ஆவணியில் விட்டிருக்கிற இலையைப் பாருங்கள்! வழவழவென்று, ஒரு பல்லுகூட இல்லாமல், நுனி கூராக முறத்தளவுக்குத் தொங்குகிறது. அதே குழி, அதே தண்ணீர், அதே பூவரச மர நிழல். ஒரு செடி எப்படி ஐயா இரண்டு ஜாதி இலை விடும்? ஜானகிராமன் கிணற்றடித் தொட்டிப் பக்கத்தில் குந்திக்கொண்டு காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"செல்வா, இங்க கொஞ்சம் வா. இது அதுதானா பாரு."

"எது எதுதானா?" செல்வாம்பாள் அடுப்படியை விட்டு அசையவில்லை.

"செடிதான்."

"செடி செடியாத்தான் இருக்கும். வேற என்னாவா இருக்கும்? காபி ஆறுது, எழுந்து வாங்க."

கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவளிடம் ஒரு கேள்வி கேட்டு நேரான பதில் வாங்கியதில்லை மனுஷன். எழுந்து போனார். போகும்போதும் திரும்பித் திரும்பிச் செடியைப் பார்த்துக்கொண்டே போனார்.

செடிதானே, இதற்கு ஏன் இவ்வளவு அல்லாடல் என்று கேட்பீர்கள். அது சாதாரணச் செடி இல்லை. சம்மந்தி கொடுத்த செடி. வீட்டில் அதற்குப் பெயரே சம்மந்தி செடிதான்.

இவர்களுக்கு ஒரே பெண், கவிநிலா. படிக்கிறேன் என்று பிரான்சுக்குப் போனாள். படித்தாள், வேலையும் கிடைத்தது. அப்புறம் ஒருநாள் போன் செய்து, "அப்பா, வர்ற சனிக்கிழமை இங்க மேரியில எனக்குக் கல்யாணம்" என்றாள். புதுச்சேரிக்காரருக்கு மேரி என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. நகராட்சிக் கட்டடத்தில், கையெழுத்துப் போட்டு, கல்யாணம். நலங்கு இல்லை, தாலி இல்லை, அப்பன் இல்லை. மில்லில் நின்று நின்று கால் நரம்பெல்லாம் முடிச்சு விழுந்து வளர்த்த பெண், அடுத்த வீட்டுக்காரனுக்குச் சொல்வதுபோலத் தேதி சொல்கிறாள். யாருக்குத்தான் ஆத்திரம் வராது? "நல்லா இரு" என்று சொல்லிப் போனை வைத்தவர்தான். இரண்டு வருஷம் பேசவில்லை.

உண்மையைச் சொன்னால் கோபத்தில் பேசாமல் இருந்தது முதல் ஆறு மாசம்தான். அதற்கப்புறம் கோபமெல்லாம் வடிந்துபோயிற்று. ஆனால் எந்த வார்த்தையை வைத்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. செல்வாம்பாள் மகளோடு போனில் பேசும்போது இவர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருப்பார். பெண்ணுக்கு ஜலதோஷம் என்று கேட்டால் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது. வீம்புக்கு அப்படியொரு வீம்பு.

இந்தப் பொங்கலுக்கு, கவிநிலாவின் சிநேகிதி சிந்துஜா ஊருக்கு வந்தவள், ரெட்டியார்பாளையம் வீட்டைத் தேடி வந்து ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே ஈரப் பேப்பர், அதற்குள் கம்பளிக் காலுறை, அதற்குள் ஒரு கிழங்கு. அதன் தலையில் கை முஷ்டி அளவு மொட்டு, மேலெல்லாம் இளஞ்சிவப்பு மயிர்.

"ஐயையோ, என்னாது இது, கரடிக்குட்டி மாதிரி!" என்று செல்வாம்பாள் நாலடி பின்னால் போனாள்.

கூடவே கவிநிலா குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். அம்மாவுக்குத்தான். ஆனால் அப்பாவுக்குக் கேட்கும் என்று தெரிந்து பேசியது. "அம்மா, இது எங்க அத்தை குடுத்தது. அவங்க வீட்டுப் பின்னாடி ஓடை ஓடுது, அந்தக் கரையில, மரத்தடியில, இந்தச் செடிதான் நிக்கும். ஒரு இலைக்குக் கீழ ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கலாம். இதுதான் அவங்களுக்கு உசுரு. சம்மந்தி வீட்டுலயும் ஒண்ணு வளரட்டும், இலை குடை அளவு வந்ததும் நான் வந்து அது கீழ உக்காந்து காபி குடிக்கிறேன்னு சொல்றாங்க. அப்பாகிட்ட குடுங்க. வேணாம்னா தூக்கிப் போட்டுரட்டும்."

தூக்கிப் போடுவதா! அன்றைக்கே ஜானகிராமன் கிணற்றடியில், பூவரச மரத்து நிழலில், தொட்டித் தண்ணீர் வழிந்து எப்போதும் சொதசொதவென்று இருக்கும் இடமாகப் பார்த்துக் குழி வெட்டினார். கிழங்கைக் குழந்தையைப் படுக்கவைக்கிற மாதிரி வைத்தார்.

வைத்த அன்றைக்கே பயமும் பிடித்துக்கொண்டது. இந்தச் செடி செத்தால் மகள் என்ன நினைப்பாள்? அப்பா வேண்டுமென்றே சாகவிட்டார் என்றுதானே நினைப்பாள்? இன்னும் மனசு ஆறவில்லை, சம்மந்தி கொடுத்ததைக்கூட வாழவிடவில்லை என்றுதானே முடிவு கட்டுவாள்? அப்படி ஒரு எண்ணம் அவளுக்கு வந்துவிட்டால் பிறகு இந்த ஜென்மத்தில் ஒட்டாது. ஆகவே செடி பிழைத்தாக வேண்டும்.

பிழைக்க வைப்பதற்குச் சிந்துஜா சொல்லிவிட்டுப் போன வழிதான் குழப்படியாக இருந்தது. வெயில் ஆகாதாம். கால் எப்போதும் ஈரத்தில் இருக்கணுமாம். குளிர்காலத்தில் அதன் இலையையே ஒடித்து அதன் தலைமேல் கவிழ்த்து மூடணுமாம், இல்லாவிட்டால் பனியில் கருகிவிடுமாம். நம் ஊரில் எது குளிர்காலம்? தை மாசப் பனியைக் குளிர் என்று எடுப்பதா, வேண்டாமா? ஒடிப்பதற்கு இலையே இன்னும் வரவில்லையே? அவர் ஒரு சாக்கை எடுத்து மூடினார். மறுநாள் உள்ளே புழுங்கி வேர்த்திருந்தது. எடுத்தார். பனி விழுந்தது. மறுபடி மூடினார். இப்படியே மூடுவதும் திறப்பதுமாகத் தை போயிற்று. மாசியில் அந்த ரம்பப்பல் இலை, உள்ளங்கை அளவுக்கு ஒன்று வந்தது. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

பங்குனி வெயில் ஏறியது. இலை ஓரம் பழுப்பாக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு இராமதாஸ், "சில்லுனு இருக்குற ஊரு செடி சார், ஏசி ரூம்ல வச்சாத்தான் நிக்கும்" என்றான். அவன் கிண்டலுக்குச் சொன்னான். இவர் அதை இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தார். ஏசி முடியாது. ஆனால் சில்லென்று வைப்பதற்கு வேறு வழியா இல்லை?

பெரிய மார்க்கெட் மீன் அங்காடியில் மணியம்மாள் என்று ஒருத்தி. செல்வாம்பாளுக்கு வாடிக்கையாக மீன் கொடுப்பவள். அவளிடம் மீனுக்குப் போடுகிற நொறுக்கு ஐஸை வாங்கி, வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியில் கொட்டி, டிவிஎஸ் வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். தினமும். வில்லியனூர் ரோடு முழுக்க வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டும்.

"என்னாண்ணே, மீனே வாங்க மாட்டேங்குறீங்க, ஐஸ மட்டும் அள்ளினு போறீங்க. வீட்டுல பொணம் எதனா வச்சிருக்கீங்களா?" என்று மணியம்மாள் கேட்க, பக்கத்துக் கடைக்காரிகளெல்லாம் சிரித்தார்கள்.

"சம்மந்திக்கும்மா" என்றார் இவர். அந்த அம்மாவுக்கு என்ன விளங்கியிருக்கும், பாவம்.

செடியின் காலைச் சுற்றி ஐஸைப் பரப்புவார். அது கரையும்வரை பக்கத்திலேயே நிற்பார். அது மீன் கிடந்த ஐஸ், உப்பும் கவிச்சியும் கலந்தது என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. பூனைகள் வந்தன, ஈ வந்தது, வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினாள். போதாக்குறைக்கு, உரமாகட்டும் என்று அடுப்படிக் கழிவையெல்லாம் அங்கேதான் கொட்ட வேண்டும் என்று உத்தரவு வேறு. வெங்காயத் தோல், கீரைக் காம்பு, முளைவிட்டுப்போன கிழங்கு, எல்லாம் அந்தக் குழிக்கே போயிற்று. கத்திரி வெயில் வந்தது. இலை கருகி விழுந்தது. மயிர் மொட்டு அழுகிக் குழைந்துபோயிற்று.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே உயிர் இருக்கும், உள்ளே உயிர் இருக்கும் என்று ஒரு நப்பாசை. வெறும் மண்ணுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். செல்வாம்பாள் ஒருநாள் பின்னால் வந்து நின்று பார்த்தாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை.

ஆடியில் இரண்டு மழை பெய்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் குழியிலிருந்து சுருட்டு மாதிரி ஒரு பச்சைக் குருத்து! ஜானகிராமனுக்குத் தலைகால் புரியவில்லை. "பொழச்சிக்கிச்சுடி, பொழச்சிக்கிச்சு!" என்று கத்திய கத்தில் இராமதாஸ் சுவரேறி எட்டிப் பார்த்தான். ஒரு போட்டோ எடுத்தார். எடுத்தவர் என்ன நினைத்தாரோ, மகளுக்கே நேராக அனுப்பிவிட்டார். ஒரு வார்த்தை எழுதவில்லை. வெறும் போட்டோ.

அந்தப் பக்கம் பார்த்துவிட்டதாக நீலக்கோடு விழுந்தது. பிறகு, "அப்பா சாப்ட்டீங்களா?" என்று வந்தது.

இரண்டு வருஷம் கழித்து! அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம்" என்று அடித்து அனுப்பினார். அதற்கே அரைமணி நேரம் பிடித்தது.

அதிலிருந்து வாராவாரம் ஒரு போட்டோ. அவள் ஏதாவது கேட்பாள், இவர் "ம்" என்பார், சில நாள் "சரிம்மா" என்பார். செடி வளர வளரப் பேச்சும் வளர்ந்தது. இலை விரிந்தது. விரிந்த பிறகுதானே இந்தக் குழப்பம் பிடித்தது!

இலை வேறு மாதிரி இருக்கிறதே என்று அவருக்குத் தெரிகிறது. சரி, நம் ஊர்த் தண்ணீருக்கு மாறியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் போட்டோவைப் பார்க்கிற சம்மந்திக்குத் தெரியாதா? கவிநிலாவின் மாமியார், மர்த்தின் என்று பெயர், காலமெல்லாம் அந்தச் செடியோடு குடித்தனம் பண்ணியவள் ஆயிற்றே. ஆனால் முதல் போட்டோவுக்கே அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "மாஞிஃபிக்! மாஞிஃபிக்!" என்று இரண்டு தரம். பிரமாதம் என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர் காலத்து ஆட்கள் வாயில் இவர் கேட்டிருக்கிற வார்த்தைதான். அப்படியென்றால் செடி சரியான செடிதானா? இல்லை, அவள் கண்ணாடி போடாமல் பார்த்தாளா? நான் அவர்களை ஏமாற்றுகிறேனா, அவர்கள் என்னை ஏமாற்றுகிறார்களா? இதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டு, இது அது இல்லை என்று ஆகிவிட்டால், அப்புறம் மகளோடு பேச என்ன இருக்கிறது? அவருக்கு இருந்த பேச்சே அந்த ஒரு செடிதான்.

ஐப்பசியில் ஒருநாள் மணியம்மாள் இவர்கள் தெருவுக்கு ஏதோ விசேஷத்துக்கு வந்தவள், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே வந்தாள். நேரே கிணற்றடிக்கு வந்து, இடுப்பில் கைவைத்து நின்று, "அடேங்கப்பா! சேப்பங்கிழங்கு சூப்பரா வந்துருக்கேண்ணே" என்றாள்.

"அது சேப்பங்கிழங்கு இல்லம்மா. பிரான்சு செடி."

"எந்தச் செடி?"

"சம்மந்தி குடுத்தது. ஓடைக்கரையில வளர்றது."

"ஏண்ணே, எங்க ஊட்டு வாய்க்காங்கரை பூரா இதானே நிக்குது. எங்களுக்குத் தெரியாதா? தோண்டிப் பாருங்க, மொட்டு மொட்டா இருக்கும். புளி ஊத்திக் கொழம்பு வச்சா..."

"வெளியூர்லயும் இதே மாதிரி இருக்கும்" என்றார் ஜானகிராமன்.

அவள் போனபிறகு விரலால் மண்ணைக் கிளறினார். பழுப்புத் தோல், வளையம் வளையமாகக் கோடு, பக்கத்திலே குட்டிக் கிழங்கு. செல்வாம்பாள் வாராவாரம் வறுக்கிற அதே சேப்பங்கிழங்கு. அதற்கும் கீழே, கறுப்பாக, கம்பளிப் பஞ்சு மாதிரி கொஞ்சம். சம்மந்தி கொடுத்த கிழங்கில் மிச்சம் அதுதான், தொட்டதும் உதிர்ந்தது. பெரிய மனுஷர், அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அன்று சாயங்காலம் பார்த்துத்தானா வர வேண்டும் அந்தச் செய்தி? "அப்பா, டிசம்பர் லீவுக்கு நானும் அத்தையும் வர்றோம். அவருக்கு லீவு இல்ல. செடி கீழ காபி குடிக்கணும்னு அத்தை ஒத்தக்கால்ல நிக்கிறாங்க."

மகள் வருகிறாள் என்று சந்தோஷப்படுவதா, வந்து பார்க்கப்போகிறாளே என்று பயப்படுவதா? செடியைப் பிடுங்கிப் போட்டு, மாடு தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாமா? மாட்டை எங்கே போய்ப் பிடிப்பது?

"சொல்லிடுங்களேன்" என்றாள் செல்வாம்பாள்.

"என்னான்னு சொல்றது? செத்துப்போச்சுன்னா, சாகவிட்டாருன்னு ஆவும். இவ்ளோ நாளா வேற செடியக் காட்டி ஏமாத்தினாருன்னும் ஆவும். சும்மா இருந்திருந்தாலாவது ஒரு பழிதான்."

போனை எடுத்து அடிப்பார். 'கவிநிலா, அந்தச் செடி' என்பதோடு விரல் நின்றுவிடும். அழிப்பார். மறுநாளும் அதே கதை. கடைசியில் டிசம்பரே வந்துவிட்டது. அப்படியும் ஒரு வரி போகவில்லை.

வாசலில் கார் நின்றது. மகள் இறங்கினாள். இளைத்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பின்னாலேயே, நரைத்த தலையும் பருத்திச் சட்டையுமாக ஒரு அம்மா. ஜானகிராமன் ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் பழகிவைத்திருந்த "போன்ழூர் மதாம்" சரியாகத்தான் வந்தது. மகளிடம்தான் ஒன்றும் வரவில்லை. "வாம்மா" என்றார். அவள் "ம்" என்றாள்.

மர்த்தின் அம்மா செருப்பைக்கூட வாசலில் சரியாக விடவில்லை. கைப்பையோடு நேரே கிணற்றடிக்குத்தான் போனாள். ஜானகிராமன் கோர்ட்டில் நிறுத்தின ஆள் மாதிரி பின்னாலேயே போனார்.

அவள் குனிந்து இலையைத் தடவினாள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். தொட்டியிலிருந்து கையால் தண்ணீர் அள்ளி இலைமேல் விட்டாள். இலை நனையவே இல்லை, தண்ணீர் குண்டு குண்டாக உருண்டு கீழே ஓடியது. அந்த அம்மா சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிச் சிரித்தாள். பிறகு இவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள்.

"ஐஸ் எப்போ போடுவீங்கன்னு கேக்குறாங்கப்பா" என்றாள் கவிநிலா.

ஐஸா? ஐஸ் கதை இவளுக்கு எப்படித் தெரியும்? இனிமேல் தாங்காது என்று உள்ளே இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"கவிநிலா, இது அது இல்லம்மா. அது செத்துப்போச்சு. கத்திரியிலயே செத்துப்போச்சு. இது சேப்பங்கிழங்கு. வேணும்னு நான் பண்ணலம்மா. சத்தியமா சாகணும்னு நெனைக்கல. அந்த ஊரு மாதிரியே சில்லுனு இருக்கட்டும்னுதான் ஐஸ் போட்டேன். என்னா தப்பு பண்ணேன்னு எனக்கே வெளங்கல. உங்க அத்தைகிட்ட சொல்லு, நான் வேணும்னு பண்ணலன்னு சொல்லு."

கவிநிலா மொழிபெயர்க்கவில்லை.

"தெரியும்பா" என்றாள். "மொத போட்டோவுலயே அத்தை சொல்லிட்டாங்க, இது நம்ம செடி இல்லன்னு. எனக்கு மட்டும் தெரியாதா? இந்த வீட்டுல பொறந்து எத்தினி சேப்பங்கிழங்கு வறுவல் தின்னுருப்பேன்! போட்டோ ஓரத்துல ஒரு வெள்ளைப் பெட்டி இருந்துச்சு. அது என்னாதுன்னு அத்தை கேட்டாங்க. மீன் மார்க்கெட் பெட்டி எதுக்கு இங்க இருக்குன்னு எனக்கும் புரியல. அம்மாவக் கேட்டேன்."

ஜானகிராமன் வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லிட்டியா?"

"கேட்டா, சொன்னேன்" என்றாள் செல்வாம்பாள். "தெனம் மார்க்கெட்டுக்கு ஓடுறாரு, வெறும் மண்ணுக்கு ஐஸ் போடுறாருன்னு சொன்னேன். பொய்யா?"

"அதை அத்தைகிட்ட சொன்னேன்பா. அப்பதான் அவங்க மாஞிஃபிக், மாஞிஃபிக்னு ரெண்டு தரம் சொன்னாங்க." கவிநிலா அப்பாவுக்குப் பக்கத்தில் வந்தாள். "செடிய சொல்லலப்பா. உங்களைச் சொன்னாங்க. நாங்க அன்னிக்கே டிக்கெட் பாத்தோம்."

அவருக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை. கோபமில்லை என்பது மட்டும் விளங்கியது. அந்த நேரம் மர்த்தின் அம்மா, இவர்கள் பேசுவதையெல்லாம் சட்டை பண்ணாமல், இருந்ததிலேயே பெரிய இலையைக் காம்போடு ஒடித்தாள். ஒடித்து, தலைகீழாகத் திருப்பி, செடியின் அடிமேல் குல்லா மாதிரி கவிழ்த்தாள்.

"என்னா பண்றாங்க?"

"குளிர்காலமாச்சேப்பா. பனி விழும், மூடணுமாம்."

"சேப்பங்கிழங்குக்கா? இதுக்கு எதுக்கும்மா? இந்த ஊர்ப் பனி இதை என்னா பண்ணிடும்?"

"அதெல்லாம் அவங்களுக்குத் தெரியாது. அவங்க ஊர்ல இப்படித்தான் மூடுவாங்க."

ஜானகிராமனும் குனிந்து ஒரு இலையை ஒடித்து, சம்மந்தி வைத்த இலைக்குப் பக்கத்தில் கவிழ்த்தார். இரண்டு பேரும் ஒன்று மாற்றி ஒன்று ஒடித்து மூடினார்கள்.

சேப்பங்கிழங்குப் பால் கையில் பட்டால் விடுமா? கொஞ்ச நேரத்தில் மர்த்தின் அம்மா, "ஓ லா லா" என்று கையைச் சொறிய ஆரம்பித்தாள். செல்வாம்பாள், "ஐயோ, அரிப்பு புடிச்சிருச்சு! புளி எடுத்தாரேன், புளி!" என்று உள்ளே ஓடி, ஒரு கிண்ணம் கரைத்த புளியோடு வந்தாள். சம்மந்தியின் கையைப் பிடித்து இழுத்துவைத்துத் தேய்த்தாள். பாஷை தெரியாமலே இருவரும் ஏதேதோ பேசிக்கொண்டார்கள்.

கவிநிலா கிண்ணத்திலிருந்து கொஞ்சம் புளியை எடுத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "குடுங்க கையை" என்றாள்.

அவர் நீட்டினார். அவள் விரல் விரலாகத் தேய்த்துவிட்டாள். கட்டைவிரல் இடுக்கு, மணிக்கட்டு, எதையும் விடவில்லை.

"இன்னும் அரிக்குதாப்பா?"

வாராவாரம் வறுவலுக்குச் சேப்பங்கிழங்கைத் தோல் சீவிக்கொடுத்துக் காய்த்துப்போன கை. ஒரு துளி அரிப்புகூட இல்லை.

"ஆமாம்மா" என்றார் ஜானகிராமன். "அரிக்குது."